மனைவி ஏறுவார், நான் ஏறமாட்டேன்: பென்சில்வேனியா, ஓஹையோ பூங்காக்களுக்குப் பத்து நாள் பயணம்

மணிமுத்தாறு கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் நியூஜெர்சியில் வசிக்கிறோம். இருவருக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மகள் கல்லூரிக்குப் போன பிறகு, விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஒரே பதில்தான் வருகிறது: இதுவரை ஏறாத ரோலர் கோஸ்டர் எங்கே இருக்கிறதோ அங்கே. மதுரைத் தமுக்கம் மைதானத்தில் நடக்கும் சித்திரைப் பொருட்காட்சியில், ராட்டினத்தில் ஒரு தடவைக்கு மேல் அப்பா ஏறவிட்டதில்லை என்ற சிறுவயதுக் குறையை, என் மனைவி இந்த நாட்டில் வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறார். ஏறிய கோஸ்டர்களின் பெயர்களை ஒரு நீல நோட்டில் எழுதி வைக்கிறார். கணக்கு இப்போது 61.

என் நிலைமை வேறு. குடைராட்டினம், ரயில், படகு ஆகியவற்றைத் தாண்டி எதிலும் என்னால் ஏற முடியாது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் வற்புறுத்தலுக்கு இணங்கி ஒரு கோஸ்டரில் ஏறி இறங்கிவிட்டு, அன்றைய மாலை முழுவதும் காரின் பின்இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். அன்றிலிருந்து பை, மூக்குக் கண்ணாடி, தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றின் காவலர் நான்தான். போன கோடையில் ஒரு பூங்காவில் காலை 11 மணி முதல் இரவு 8 மணி வரை இருந்தோம். அதில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது பெரிய வருத்தமாகத் தோன்றவில்லை. ஆனால் என்னை உட்காரவைத்துவிட்டோமே என்ற உறுத்தலில் அவர் பாதியிலேயே ‘போதும், போகலாம்’ என்று சொல்லிவிட்டார். வீடு வரும்வரை காரில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இந்த ஜூன் மாதம் இரண்டாம் பாதியில் பத்து நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. சொந்தக் காரில் ஹெர்ஷிபார்க், நோபெல்ஸ், கென்னிவுட், சீடர் பாயின்ட் ஆகிய நான்கு கேளிக்கைப் பூங்காக்களையும் பார்ப்பதாக எண்ணம். எந்த வரிசையில் போவது, எங்கே எத்தனை நாள் ஒதுக்குவது, அவர் வரிசையில் நிற்கும்போது நான் என்ன செய்வது ஆகிய மூன்றையும் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். கோயில் தூணில் உள்ள யாளியையோ ஓடுகிற ரயிலையோ மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கக்கூடிய ஆள் நான் என்பதையும் குறிப்பிட்டுவிடுகிறேன். இருவரும் சைவம். போன ஆண்டு முதல் அவருக்குக் கழுத்தில் இலேசான வலி இருக்கிறது. மருத்துவர் தடை எதுவும் சொல்லவில்லை என்றாலும் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஓஹையோவாசி எழுதுகிறார்:

வணக்கம் ஐயா. உங்கள் வழித்தடத்தில் நாங்கள் இருவரும் மூன்று முறை போயிருக்கிறோம். அதனால் முதலில் வரிசையைச் சொல்லிவிடுகிறேன்.

நியூஜெர்சியிலிருந்து ஹெர்ஷிக்கு மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து வடக்கே எலிஸ்பர்க் என்ற சிற்றூரில் இருக்கும் நோபெல்ஸுக்கு ஒன்றேகால் மணி நேரம். அடுத்தது மேற்கே பிட்ஸ்பர்க். நான்கு மணி நேர ஓட்டம் என்பதால் வழியில் அல்டூனாவில் இளைப்பாறலாம். பிட்ஸ்பர்க்கை ஒட்டித்தான் கென்னிவுட் இருக்கிறது. பிறகு வடக்கே இரண்டு மணி நேரம் போனால் ஈரி ஏரிக்கரை. உங்கள் பட்டியலில் இல்லாத வால்டமீர் என்ற சிறிய பூங்கா அங்கே உள்ளது. அங்கிருந்து ஏரியை ஒட்டி இரண்டரை மணி நேரம் மேற்கே போனால் சீடர் பாயின்ட். திரும்பி வரும் ஒரே நாளில்தான் நீண்ட ஓட்டம். அதை இருவரும் மாறி மாறி ஓட்டினால் சமாளிக்கலாம்.

நாட்களைச் சமமாகப் பங்கிட வேண்டாம் என்பது என் யோசனை. ஹெர்ஷிக்கு ஒரு நாள் போதும். சாக்லெட் வியாபாரி மில்டன் ஹெர்ஷி தன் தொழிலாளர்கள் ஓய்வெடுப்பதற்காக 1900-களின் தொடக்கத்தில் உருவாக்கிய பூங்கா அது. 1946-இல் கட்டிய காமெட் என்ற மரக் கோஸ்டர் இன்னும் ஓடுகிறது. உங்கள் பங்குக்கு, ஜூஅமெரிக்கா என்ற விலங்குக்காட்சிச் சாலை அதே நுழைவுச்சீட்டில் அடங்கும். கிஸ்ஸிங் டவர் என்ற உயரமான சுழல்கோபுரம் மெதுவாக மேலேறிச் சுற்றுவதால் உங்களாலும் ஏற முடியும். அதன் ஜன்னல்கள்கூட அந்த நிறுவனத்தின் கூம்புச் சாக்லெட் வடிவத்தில்தான் இருக்கும்.

நோபெல்ஸுக்குக் கட்டாயம் இரண்டு நாள் கொடுங்கள். உங்களுக்கென்றே கட்டியது போன்ற இடம் அது. 1926-இல் தொடங்கிய, ஒரே குடும்பம் இன்றுவரை நடத்திவரும் பூங்கா. உள்ளே நுழையக் கட்டணம் இல்லை, காரை நிறுத்தக் கட்டணம் இல்லை. எதில் ஏறுகிறோமோ அதற்கு மட்டும் சீட்டுக் கொடுத்தால் போதும். போன கோடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததற்கு நீங்கள் எவ்வளவு கட்டணம் கட்டினீர்கள் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். நோபெல்ஸில் அந்தக் கணக்கே எழாது. உங்கள் துணைவியாருக்கு அங்கே ஃபீனிக்ஸ் காத்திருக்கிறது. டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் 1947-இல் கட்டப்பட்டு, அந்தப் பூங்கா மூடியபின் கேட்பாரற்று நின்ற மரக் கோஸ்டரைப் பலகை பலகையாகப் பிரித்து, எண் போட்டு, லாரிகளில் ஏற்றிக் கொண்டுவந்து 1985-இல் இங்கே மறுபடி எழுப்பினார்கள். உயரம் 78 அடிதான். ஆனால் கடைசிப் பகுதியில் வரிசையாக வரும் மேடுகளில் உடல் இருக்கையைத் தொடுவது அபூர்வம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, நோபெல்ஸில் மரநிழலில் உணவு மேசைகள் போட்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்து கொண்டுபோய்ச் சாப்பிடத் தடை இல்லை. நாங்கள் ஒரு முறை புளியோதரையும் அப்பளமும் கொண்டுபோனோம். பக்கத்து மேசைக் குடும்பம் அப்பளத்தின் வரலாற்றை விசாரித்துவிட்டுத்தான் எழுந்தது. அங்கே விற்கும் பிரோகி என்பது உருளைக்கிழங்கைப் பூரணமாக வைத்த கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைக்கு வந்த கிழக்கு ஐரோப்பியர்கள் கொண்டுவந்த பண்டம். மற்ற பூங்காக்களில் உருளை வறுவல்தான் கதி. கென்னிவுட்டில் அதன்மேல் ஊற்றுவதில் பன்றி இறைச்சித் துணுக்கு சேராமல் கேட்டு வாங்குங்கள்.

கென்னிவுட்டுக்கு ஒரு நாள், வால்டமீருக்கு அரை நாள், சீடர் பாயின்ட்டுக்கு இரண்டு நாள். எங்கேயும் சனிக்கிழமை போகாதீர்கள். செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாட்களைப் பெரிய பூங்காக்களுக்கும், வார இறுதியைப் பயணத்துக்கும் ஒதுக்கினால் வரிசையில் நிற்கும் நேரம் பாதியாகும். வரிசை குறைந்தால் உங்கள் பெஞ்சு நேரமும் குறையும்.

பெஞ்சுக்காரி எழுதுகிறார்:

மேலே உள்ள பதில் நல்ல பதில்தான். ஆனால் அது ஏறுகிறவர் எழுதிய பதில் என்பது படிக்கும்போதே தெரிகிறது. பதினெட்டு ஆண்டுகளாக என் கணவருக்காகக் கோஸ்டர் வாசல்களில் காத்திருப்பவள் என்ற உரிமையில் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பையை வாங்காதீர்கள். உங்கள் சிக்கலின் வேர் கோஸ்டர் இல்லை, அந்தப் பைதான். பையைக் கையில் வாங்கிய கணத்திலேயே நீங்கள் அந்த வாசலோடு கட்டப்பட்டுவிடுகிறீர்கள். அவரும் உங்களைக் கட்டிவைத்துவிட்டதாக உணர்கிறார். காலையில் உள்ளே போனவுடன் நாள் முழுவதற்கும் ஒரு லாக்கர் எடுத்து எல்லாவற்றையும் அதில் போட்டுப் பூட்டிவிடுங்கள். அந்தச் செலவு பெரிதில்லை.

இரண்டாவது, ‘வெளியே வந்ததும் கூப்பிடுகிறேன்’ என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். இப்போது சில பெரிய கோஸ்டர்களில் தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கவே விடுவதில்லை. ஒரு பூங்காவில் என் கணவரின் தொலைபேசி லாக்கருக்குள் இருந்தது. அவர் வரிசையில் இருந்தபோது கோஸ்டர் பழுதாகி நின்றது. இன்னும் பத்து நிமிடம், இன்னும் பத்து நிமிடம் என்று அவர் உள்ளேயே நின்றிருக்கிறார். நான் வெளிவாசலில் ஒரு மணி நாற்பது நிமிடம் நின்றேன். முதல் அரை மணி நேரம் எரிச்சல், பிறகு பயம். உதவி கேட்டுப் பணியாளர் ஒருவரிடம் போனால், அவர் என்னைக் காணாமல் போன குழந்தைகளுக்கான அறைக்கு அனுப்பிவைத்தார். கடைசியில் பார்த்தால், நான் நின்றது அந்தக் கோஸ்டரின் வெளிவாசலே இல்லை. பக்கத்துக் கடையின் பின்வாசல். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரே ஒப்பந்தம்: ஓர் இடம், ஒரு நேரம். ‘மூன்று மணிக்குக் குடைராட்டினம்’ என்றால் மூன்று மணிக்குக் குடைராட்டினம்தான். இடைப்பட்ட நேரத்தில் அவர் எத்தனை முறை ஏறினார், நான் எங்கே சுற்றினேன் என்பதெல்லாம் சந்தித்த பிறகு பேச வேண்டியவை.

யாளியைப் பார்க்கிறவர் என்று சொன்னதால் மூன்றாவதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அமெரிக்காவின் பழைய குடைராட்டினங்களை நீங்கள் இதுவரை கவனித்துப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். அவை கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகின்றன. அதனால் வெளியே நின்று பார்ப்பவர் கண்ணில் படுவது குதிரையின் வலப்பக்கம் மட்டுமே. அன்றைய மரச்சிற்பிகள் பிடரியின் சுருள், சேணத்தின் பூவேலை, பதித்த கண்ணாடிக் கற்கள் என்று தங்கள் திறமை முழுவதையும் அந்தப் பக்கத்தில் கொட்டினார்கள். இடப்பக்கத்தை ஒப்புக்குச் செதுக்கி விட்டுவிட்டார்கள். இங்கிலாந்தில் ராட்டினங்கள் எதிர்மாறாகச் சுற்றுவதால் அங்கே இடப்பக்கம்தான் அழகு. நோபெல்ஸில் உள்ள பெரிய குடைராட்டினம் 1913-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் குதிரைகள் சார்லஸ் கார்மல் என்ற சிற்பியின் பட்டறையில் செதுக்கப்பட்டவை. உள்வரிசைக் குதிரையையும் வெளிவரிசைக் குதிரையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பார்ப்பவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் உளி எவ்வளவு சீக்கிரம் ஓய்ந்துவிட்டது என்பது தெரியும். எனக்கு முதல் நாளில் அது ஏமாற்றமாக இருந்தது. பிறகு அதைக் கண்டுபிடிப்பதே பொழுதுபோக்காகிவிட்டது.

அதே ராட்டினத்தில் இன்னொரு விஷயம். வெளிவரிசைக் குதிரையில் உட்கார்ந்தால், சுற்றிவரும்போது ஓரத்தில் கைபோல நீட்டியிருக்கும் சட்டத்திலிருந்து வளையத்தைப் பறிக்கலாம். பெரும்பாலானவை இரும்பு வளையங்கள்; பித்தளை வளையம் கையில் வந்தால் அடுத்த சுற்று இலவசம். இந்த விளையாட்டு ஒரு காலத்தில் நாடு முழுவதும் இருந்தது. இன்று விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய இடங்களில்தான் மிச்சம். நானும் எத்தனையோ முறை முயன்றுவிட்டேன். பித்தளை ஒரு தடவைதான் வந்தது, அதுவும் கை நழுவி விழுந்துவிட்டது.

நோபெல்ஸுக்குள்ளேயே குடைராட்டின அருங்காட்சியகமும் நிலக்கரிச் சுரங்க அருங்காட்சியகமும் கட்டணமின்றித் திறந்திருக்கின்றன. காட்டுக்குள் போய்வரும் சிறிய ரயிலும் உண்டு. ரயில் ஆசைக்கு இதைவிடப் பெரிய விருந்து அல்டூனாவில் இருக்கிறது. 1854-இல் மலையைச் சுற்றிப் போட்ட குதிரைலாட வளைவில் இன்றும் சரக்கு ரயில்கள் ஓயாமல் போகின்றன. வண்டியின் முன்பகுதியும் பின்பகுதியும் ஒன்றுக்கொன்று எதிரெதிராக நகர்வதை ஒரே பார்வையில் பார்க்கலாம். அங்கே அரை நாள் உங்களுடையது. உங்கள் மனைவி அன்றைக்குப் பெஞ்சில் உட்காரட்டும்.

கடைசியாக, அடுத்த ஆண்டுக்கு ஒரு யோசனை. கோபன்ஹேகனுக்குப் போங்கள். ஊர் நடுவில் 1843-இல் தொடங்கிய டிவோலி. இருபது நிமிட ரயில் தூரத்தில், 1583 முதல் மக்கள் கூடிக் களிக்கும் பாக்கன். பாக்கனில் நுழைவு இலவசம். அதைச் சுற்றிலும் மான்கள் திரியும் பெரிய காடு. கணவர் உள்ளே, நான் காட்டில். இருவருக்கும் அன்று ஒரு குறையும் இல்லை. டிவோலியில் 1914-இல் கட்டிய மர மலைரயிலில் இன்றும் ஓர் ஆள் வண்டியோடு கூடவே உட்கார்ந்து, இறக்கங்களில் கையால் தடை போட்டுக்கொண்டு வருகிறார். ஓட்டுபவர் ஒருவர் கூடவே இருக்கிறார் என்ற தைரியத்தில் நானே அதில் ஏறினேன். என் வாழ்நாளின் ஒரே கோஸ்டர் அதுதான்.

மணிமுத்தாறு எழுதுகிறார்:

இருவருக்கும் மிக்க நன்றி. பையைப் பற்றிய பத்தியை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு ‘இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை’ என்றார். கழுத்துவலி பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. மரக் கோஸ்டர்கள் உடம்பைக் குலுக்கி எடுத்துவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்தப் பயணத்தில் பாதி மரக் கோஸ்டர்கள்தாம் என்பதால் கேட்கிறேன்.

திருகாணி எழுதுகிறார்:

ஐயா, குலுக்கல் பெரும்பாலும் எந்த இருக்கையில் உட்காருகிறோம் என்பதைப் பொறுத்தது. அடுக்கடுக்காக ஒட்டிய மரப்பலகைகளின் மேல் மெல்லிய இரும்புப் பட்டை பதித்து, அதன்மேல்தான் சக்கரம் ஓடுகிறது. பலகை வெயிலில் காயும், மழையில் ஊறும். எனவே தடம் தினமும் கொஞ்சம் மாறிக்கொண்டே இருக்கும். மூன்று வரிசை இருக்கைகள் கொண்ட பெட்டியில் முன்வரிசையும் பின்வரிசையும் அச்சுக்கு நேர் மேலே அமைகின்றன. அங்கே உட்கார்ந்தால் ஒவ்வொரு பலகை இணைப்பும் முதுகெலும்புக்கு வந்து சேரும். நடுவரிசை இரண்டு அச்சுகளுக்கும் இடையே தொங்குவதால் அதிர்ச்சி குறையும். பேருந்தில் பின்சக்கரத்துக்கு மேலே உள்ள இருக்கையை நாம் எப்படித் தவிர்ப்போமோ அதே கணக்குத்தான். ஆகவே கழுத்துக்குச் சிறந்தது ரயிலின் நடுப்பகுதியில் உள்ள பெட்டியின் நடுவரிசை. கடைசிப் பெட்டி மேட்டைத் தாண்டும்போது வேகமாக இழுக்கப்படுவதால் இருக்கையிலிருந்து எழும்பும் சுகம் அங்கே அதிகம், குலுக்கலும் அதிகம். எது வேண்டும் என்பதை அம்மாதான் தீர்மானிக்க வேண்டும்.

காலையில் முதல் ஓட்டங்களில் ஏறினால் வேகம் சற்று மட்டாக இருக்கும். நாள் ஏற ஏறச் சக்கரங்களின் பேரிங்கும் மசகும் சூடாகி, இரவில் அதே கோஸ்டர் வேறு வண்டி போல ஓடும். ஃபீனிக்ஸை இரவில் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். தொடக்கத்தில் வரும் இருட்டுச் சுரங்கத்தைக் கடந்து வெளியே வந்தாலும் இருட்டுதான். நோபெல்ஸில் ஃபீனிக்ஸ் மட்டும் இல்லை. தண்டவாளமே இல்லாமல் மரத்தொட்டி போன்ற பாதையில் வண்டி உருண்டோடும் ஃபிளையிங் டர்ன்ஸும் உண்டு. பல ஆண்டுகள் போராடி 2013-இல் அதை ஓடவைத்தார்கள். அதில் மேடும் இறக்கமும் குறைவு என்பதால் கழுத்துக்கும் பிரச்சினை இல்லை.

இப்போது கென்னிவுட். இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத வந்தேன். 1898-இல் டிராம் வண்டிக் கம்பெனி ஒன்று தன் வண்டிகளுக்கு வார இறுதியிலும் பயணிகள் வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய பூங்கா அது. அங்கே பள்ளத்தாக்கின் சரிவையே பயன்படுத்திக் கட்டிய கோஸ்டர்கள் உள்ளன. 1920-ஆம் ஆண்டு ஜாக் ராபிட், 1927-ஆம் ஆண்டு ரேசர், 1920-களின் கோஸ்டர் ஒன்றை 1968-இல் மாற்றி அமைத்த தண்டர்போல்ட். ஜாக் ராபிட்டை வடிவமைத்த ஜான் மில்லர்தான், தடத்துக்கு அடியிலும் ஒரு சக்கரத்தை மாட்டி வண்டி மேலே எழும்பிப் பறந்துவிடாமல் பிடித்துவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றவர். அதற்கு முந்தைய கோஸ்டர்கள் மெதுவாக ஓடியதற்குக் காரணமே அந்த அடிச்சக்கரம் இல்லாததுதான். அதைக் கண்ணால் காண வேண்டுமானால் அல்டூனாவின் லேக்மான்ட் பூங்காவில் 1902-இல் கட்டிய லீப் தி டிப்ஸ் இருக்கிறது. 41 அடி உயரம், ஏறக்குறைய சைக்கிள் வேகம். அடிச்சக்கரமும் கிடையாது, இடுப்புப் பட்டையும் கிடையாது. ஓடுகிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். ஓடாவிட்டாலும் வெளியே நின்று அந்த மரச்சட்டங்களைப் பார்ப்பதே போதும்.

தண்டர்போல்ட்டில் ஒரு விதி உண்டு: தனியாக வருபவர்களை ஏற்றுவதில்லை. வளைவுகளில் பக்கவாட்டு விசை கடுமையாக இருப்பதால் ஒவ்வோர் இருக்கையிலும் இருவர் உட்கார்ந்தாக வேண்டும். நீங்கள் ஏறாவிட்டால் அம்மா வரிசை முடிவு வரை போய்விட்டுத் திரும்ப நேரிடும். பயப்பட வேண்டாம், வரிசையில் தனியாக நிற்பவர்கள் பெரும்பாலும் அதே சங்கடத்தில் இருப்பவர்கள்தாம். ‘உங்களுக்கு ஜோடி இருக்கிறதா’ என்று கேட்பது அங்கே சகஜம். ஆனால் அந்த விசையில் ஒருவர் மற்றவர்மேல் சாய்ந்து நசுக்குவது தவிர்க்க முடியாதது என்பதால், ஜோடியைச் சற்று மெலிந்தவராகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் அந்த நேரத்தில் மனோங்கஹேலா ஆற்றைப் பார்க்கும் பக்கமாக நில்லுங்கள். அக்கரையில் ஆண்ட்ரூ கார்னகி 1875-இல் தொடங்கிய எட்கர் தாம்ஸன் இரும்பாலை இன்றும் புகைவிட்டுக்கொண்டிருப்பது தெரியும். அதன் பக்கத்திலேயே சரக்கு ரயில்கள் போகும். அலுத்தால் 1901 முதல் ஓடும் ஓல்ட் மில் படகில் ஏறுங்கள். இருட்டு, குளிர்ச்சி, வேகம் இல்லை.

தலைச்சுற்றலைப் பற்றி ஒரு வார்த்தை. உள்காது அசைவை உணர்கிறது, கண்ணுக்கு வேறு செய்தி போகிறது. இரண்டும் முரண்படுவதால்தான் குமட்டுகிறது. எனவே நேராக ஓடும் பழைய மரக் கோஸ்டரைவிட, சுழலும் கிண்ணங்கள்தாம் உங்களைப் போன்றவர்களுக்குக் கேடு. மாத்திரை போடுவதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். சில மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும், நீங்கள் காரோட்ட வேண்டியவர்.

மணிமுத்தாறு எழுதுகிறார்:

இதை எழுதுவது அவர் இல்லை, அவர் மனைவி. அவர் கணக்கிலிருந்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில திருத்தங்கள். நோட்டில் இருப்பது 61 இல்லை, 63. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் படுத்துக் கிடந்ததற்குக் கோஸ்டர் மட்டும் காரணம் இல்லை. ஏறுவதற்கு இருபது நிமிடம் முன்பு ஒரு முழு பீட்சாவைத் தனியாகச் சாப்பிட்டார். அதை இங்கே எழுதாமல் விட்டிருக்கிறார். என் கழுத்து நன்றாகவே இருக்கிறது. நடுவரிசை யோசனைக்கு நன்றி. ஃபீனிக்ஸில் ஒரு முறை நடுவரிசையிலும் ஒரு முறை கடைசி வரிசையிலும் ஏறிப் பார்த்து முடிவு செய்கிறேன்.

எல்லோருடைய பதிலையும் அச்செடுத்து வைத்து நேற்றிரவு இருவரும் உட்கார்ந்து திட்டத்தை மாற்றினோம். ஹெர்ஷியை விட்டுவிட்டோம், அது எங்களுக்குப் பக்கம், ஒரு சனிக்கிழமை அல்லாத நாளில் போய்க்கொள்ளலாம். மிச்சமாகும் நாள் அல்டூனாவுக்கு. அந்த வளைவில் அவர் எத்தனை ரயில் பார்த்தாலும் நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். வால்டமீரில் ரேவின் ஃபிளையர் II என்ற கோஸ்டர் சாலையின் குறுக்கே பாலம் கட்டிக் கடந்து போவதாகப் படித்தேன். நான் அதில் போகும்போது அவர் பிரஸ்க் ஐல் கடற்கரையில்... ஏரிக்கரை என்று சொல்ல வேண்டும், ஆனால் அக்கரை தெரியாத நீரை ஏரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சீடர் பாயின்ட்டுக்கு இரண்டு நாள் போதாது என்பது என் கட்சி. 310 அடி மில்லேனியம் ஃபோர்ஸ், 205 அடி ஸ்டீல் வெஞ்சன்ஸ் ஆகிய இரண்டுக்கே ஒரு நாள் வேண்டும். 1964-ஆம் ஆண்டின் ப்ளூ ஸ்ட்ரீக்கையும், 1989-இல் 200 அடியைத் தாண்டிய மேக்னத்தையும் விட்டுவிட்டு வர என்னால் ஆகாது. அவருக்கும் அங்கே நீராவி ரயில் இருக்கிறது, பந்தயக் குதிரைகள் முன்னும் பின்னும் நகரும் பழைய ராட்டினம் இருக்கிறது, மைல் கணக்கில் மணல் இருக்கிறது. மூன்று நாள் வாங்கிவிட்டேன்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. கென்னிவுட்டின் ரேசரில் இரண்டு ரயில்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுமாம். நோட்டில் அதை ஒன்றாக எழுதுவதா, இரண்டாக எழுதுவதா? சீடர் பாயின்ட்டின் ஜெமினியிலும் இரண்டு ரயில்கள் உண்டே.

திருகாணி எழுதுகிறார்:

அம்மா, ஜெமினியில் இரண்டு தனித்தனித் தடங்கள். இரண்டு என்று எழுதலாம். ரேசர் அப்படி இல்லை. பார்ப்பதற்கு இரண்டு தடம் போலத் தெரிந்தாலும், அது தன்னைத்தானே ஒருமுறை சுற்றி வரும் ஒரே தடம். மேடையின் இடப்பக்கம் புறப்படும் ரயில் வலப்பக்கம் வந்து நிற்கும். வலப்பக்க ரயில் இடப்பக்கம் வந்து சேரும். ஆகவே நோட்டில் ஒன்றுதான். ஆனால் ஒரு முறை ஏறினால் பாதித் தடம்தான் ஆகும். முழுவதையும் முடிக்க இரு பக்கமும் ஒவ்வொரு முறை ஏற வேண்டும்.

ஓஹையோவாசி எழுதுகிறார்:

மூன்று நாள் என்றால் அங்கேயே தங்குங்கள். சீடர் பாயின்ட்டின் பிரேக்கர்ஸ் விடுதி 1905 முதல் அந்தக் கரையில் இருக்கிறது. அங்கே தங்குகிறவர்களைப் பூங்கா திறப்பதற்குச் சற்று முன்பே உள்ளே விடுவார்கள். அந்த நேரத்தில் அம்மா மில்லேனியம் ஃபோர்ஸை முடித்துவிடலாம், ஐயா தூங்கலாம். நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வீரர் நூட் ராக்னி 1913 கோடையில் இதே மணலில்தான் பந்தை முன்னோக்கி எறிந்து பிடித்துப் பழகினார். கோடை வேலைக்கு வந்த இடத்தில் தன் வருங்கால மனைவியைச் சந்தித்ததும் இங்கேதான். விடுதியில் ஏரியைப் பார்க்கும் அறைகள் முதலில் தீர்ந்துவிடும், இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள்.